டைனர்கள் பழைய ரயில் பெட்டிகளா?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் சாலையோரம் நிற்கும் அந்தக் காலத்து டைனர் உணவகங்கள் எல்லாம் பழைய ரயில் பெட்டியை வாங்கி மாற்றியவையா? எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி நீளமாக, பளபளவென்று இருப்பது ஏன்?"

பெரும்பாலும் இல்லை. டிராம் வண்டியை மாற்றிக் கடையாக்கியது உண்டு, அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் படங்களில் பார்த்துப் பழகிய டைனர், தொழிற்சாலையில் டைனராகவே செய்யப்பட்டது. கவுன்ட்டர், ஸ்டூல், அடுப்பு, விளக்கு எல்லாவற்றையும் உள்ளே பொருத்தி முடித்து, லாரியிலோ சரக்கு ரயிலிலோ ஏற்றி அனுப்புவார்கள். சாலையோரத்தில் ஏற்கெனவே போட்டு வைத்த அஸ்திவாரத்தின் மேல் இறக்கி, தண்ணீர், சாக்கடை, கேஸ், மின்சாரம் நான்கையும் இணைத்துவிட்டால் கடை திறக்கலாம். அது ரயில் பெட்டி மாதிரி இருப்பதற்கு முதல் காரணம், ரயில் பெட்டி போகிற வழியில்தான் அதுவும் போக வேண்டியிருந்தது. அழகுக்காக ரயிலைப் பார்த்துச் செய்தது பிறகு வந்த கதை.

தொடக்கம் 1872. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் ஒரு குதிரை வண்டியில் சாப்பாடு ஏற்றிக்கொண்டு, மாலையானதும் நாளிதழ் அலுவலகத்துக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். அப்போது அந்த ஊரில் உணவகங்கள் இரவு எட்டு மணிக்கெல்லாம் மூடிவிடும். அச்சகத்தில் இரவு வேலை செய்பவர்களுக்கு அதன் பிறகு ஒரு வாய் சாப்பிட வழியில்லை. ஸ்காட் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாக சாண்ட்விச், அவித்த முட்டை, 'பை' (pie) என்ற சுட்ட பண்டம், காபி கொடுத்தார். பெரும்பாலான பண்டங்களுக்கு விலை 5 சென்ட். வாங்கியவர்கள் தெருவில் நின்றே சாப்பிட்டார்கள். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு வாசலில் ராத்திரி நிற்கும் தள்ளுவண்டிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதேதான்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தின் குளிரில் தெருவில் நின்று சாப்பிடுவது எவ்வளவு நாள் ஓடும்? 1887-இல் பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் வாடிக்கையாளர்கள் உள்ளே ஏறி நின்று சாப்பிடக்கூடிய வண்டியைக் கொண்டுவந்தார். என்னைக் கேட்டால் டைனர் கட்டடக்கலையின் உண்மையான முதல் படி இதுதான் என்பேன், ஸ்காட்டின் வண்டி அல்ல. கூரைக்குக் கீழே ஒரு பக்கம் சமைப்பவர், நடுவில் ஒரு பலகை, மறுபக்கம் சாப்பிடுபவர். அடுத்த எழுபது ஆண்டுகள் இந்த ஏற்பாட்டில் பெரிதாக எதுவும் மாறவில்லை. 1891-இல் அதே வூஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பாமர் இப்படிப்பட்ட வண்டிக்கு காப்புரிமை வாங்கினார். பிறகு தாமஸ் பக்லி என்பவர் வண்ணக் கண்ணாடி, சித்திர வேலைப்பாடு என்று இழைத்து, இதை ஊர் ஊராக விற்கும் தொழிலாகவே ஆக்கிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கையான கூட்டாளியும் உண்டு. இரவில் திறந்திருந்த இன்னொரு இடம் சாராயக் கடை. அங்கே ஒரு கிளாஸ் வாங்கினால் சாப்பாடு கொசுறு. அதனால் மதுவிலக்குக்காரர்கள் 1890-களில் நியூயார்க்கில் தாங்களே உணவு வண்டிகளை ஓட்டினார்கள். குடிக்காமல் வயிறு நிறைய ஓர் இடம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அப்புறம் வண்டிகள் பெருகிவிட்டன. விடிந்த பிறகும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்று புகார் கிளம்ப, நகராட்சிகள் நேரக் கட்டுப்பாடு போட்டன. பகலிலும் வியாபாரம் வேண்டும் என்று நினைத்தவர்கள் ஒரு மூலை மனையை வாடகைக்குப் பிடித்து வண்டியை அங்கே நிரந்தரமாக நிறுத்தினார்கள். சக்கரம் இருந்தது, ஆனால் சுற்றவில்லை. இதே சமயத்தில் குதிரை இழுக்கும் டிராம்கள் போய் மின்சார டிராம்கள் வந்தன. பழைய டிராம் பெட்டிகள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. கையில் காசில்லாதவர்கள் அதை வாங்கி அடுப்பு வைத்துக் கடை போட்டார்கள். ரயில் பெட்டிக் கதைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஓட்டை உடைசலான இந்தக் கடைகளால் மொத்தத் தொழிலுக்கும் கெட்ட பெயர் வந்தது. அதைக் கழுவத்தான் தயாரிப்பாளர்கள் பிறகு வெள்ளை ஓடு, பளிங்கு, எனாமல் என்று சுத்தம் கண்ணில் அடிக்கும் பொருள்களாகப் பார்த்து இழைத்தார்கள். நியூயார்க் அருகே நியூ ரோஷெலில் பேட்ரிக் டியர்னி என்பவர் உள்ளேயே கழிப்பறை வைத்த பெட்டிகளைச் செய்தார். அன்றைக்கு அது பெரிய விஷயம். நியூ ஜெர்சியில் ஜெரி ஓமஹோனி 1913 வாக்கில் இறங்கி, இந்தத் தொழிலின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றை உருவாக்கினார். 1920-களில் ரயிலின் உணவுப் பெட்டியை நினைவுபடுத்தும் 'டைனர்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

சரி, கட்டுமானத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது.

ஒரு பழைய டைனரின் அகலம் சுமார் 10 அடி. இது யாரோ கட்டடக் கலைஞர் ரசித்துத் தேர்ந்தெடுத்த அளவு இல்லை. சாலையிலும் பாலத்திலும் ரயில் பாதையிலும் தட்டாமல் கொண்டுபோக முடிந்த அகலம், அவ்வளவுதான். அகலத்தைக் கூட்ட வழியில்லாததால் இருக்கைகள் வேண்டும் என்றால் நீளத்தைத்தான் கூட்ட முடியும். அந்தப் 10 அடிக்குள் எப்படி அடுக்கினார்கள் என்று பாருங்கள். பின்சுவரை ஒட்டி அடுப்பு, தோசைக்கல் மாதிரியான பெரிய இரும்புத் தகடு, காபி கொதிகலன், பை வைக்கும் கண்ணாடிப் பெட்டி, சின்னச் சின்னக் கதவுகள் வைத்த குளிர்பெட்டி. அடுத்து ஒரு ஆள் நடக்க இடம். அடுத்து கவுன்ட்டர். அடுத்து தரையோடு பொருத்திய ஸ்டூல்கள். அதன் பின்னால் வாடிக்கையாளர் நடக்க ஒரு சந்து. இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சினால் ஜன்னலோரம் குறுகலான மேசைகள். சமைப்பவர் நின்ற இடத்திலிருந்து ஓரடி திரும்பினால் முட்டை உடைக்கலாம், இன்னோர் அடி திரும்பினால் தட்டை வைக்கலாம், அங்கேயே காசும் வாங்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே ஆளை வைத்துக் கடை நடத்த முடிந்ததற்கு இந்த நெருக்கம்தான் காரணம்.

கதவையும் கவனிக்க வேண்டும். பழைய டைனர்களில் அது பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு. உள்பக்கம் திறக்கும் கதவு வைத்தால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் முதுகில் இடிக்கும்.

இந்த வகையில் உச்சம் என்று நான் நினைப்பது வூஸ்டர் லஞ்ச் கார் கம்பெனியின் பெட்டிகள். 1906 முதல் 1957 வரை 651 டைனர்கள் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. கணக்கை 1-லிருந்து தொடங்காமல் 200-லிருந்து தொடங்கினார்கள், கடைசிப் பெட்டி 850. புதுக் கம்பெனி என்று தெரியாமல் இருக்கச் செய்த தந்திரம் போலத்தான் எனக்குப் படுகிறது. 812-ஆம் எண் 'மிஸ் வூஸ்டர்', 1948-இல் செய்தது. அது பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்கு எதிரிலேயே நிற்கிறது.

வூஸ்டர் பெட்டியின் எலும்புக்கூடு மரம். வெளியே போர்த்தியிருப்பது எனாமல் பூசிய எஃகுத் தகடு, அதாவது கண்ணாடித் தூளைத் தகட்டின் மேல் உருக்கிப் படியவைத்தது. கடையின் பெயரை அதன் மேல் பெயின்டால் எழுதவில்லை. பழைய பைபிள் எழுத்துப் போலக் கொம்பும் வாலும் வைத்த எழுத்துகளை எனாமலிலேயே சேர்த்துச் சூளையில் சுட்டுவிட்டார்கள். அதனால்தான் எண்பது ஆண்டு வெயிலும் பனியும் பார்த்த பெயர்ப்பலகை இன்றும் நேற்று எழுதியது மாதிரி இருக்கிறது. மோதி உடைந்தால் மட்டும் எனாமல் சில்லாகப் பெயரும், உள்ளே துரு ஏறும். கிட்டப் போய்ப் பார்த்தால் மூலைகளில் இந்தக் காயங்கள் தெரியும்.

உள்ளே கவுன்ட்டரின் மேற்பரப்பு பளிங்கு. கவுன்ட்டருக்குக் கீழே, உட்கார்ந்திருப்பவரின் காலணி இடிக்கும் முன்பக்கம் முழுக்கப் பீங்கான் ஓடு. தரையிலும் சின்னச் சின்ன ஓடுகள், பெரும்பாலும் இரண்டு மூன்று நிறங்களில் கரை கட்டியிருக்கும். இப்படிப்பட்ட ஒரு தரையில் ஸ்டூல் வரிசைக்குப் பின்னால் நடந்து பார்த்தால், பாதை போகும் இடத்தில் மட்டும் ஓடுகள் மங்கியிருப்பதையும், ஸ்டூல் கால்களைச் சுற்றி நிறம் அப்படியே இருப்பதையும் பார்க்கலாம். கூரை வளைந்திருக்கும். புகையும் ஆவியும் மேலே போய் வெளியேற வழி வைத்திருப்பார்கள். ஜன்னலோர இருக்கைகள் மரத்தாலானவை, முதுகு நேராக நிற்கும். வசதி என்று சொல்லமாட்டேன். சாப்பிட்டு எழுந்து போ என்று சொல்கிற இருக்கை.

1930-களில் அமெரிக்காவுக்கு வேகப் பித்து பிடித்தது. 1934-இல் துருப்பிடிக்காத எஃகில் செய்த 'ஸெஃபிர்' ரயில் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு விடியலுக்கும் அந்திக்கும் இடையில் ஓடிக் காட்டியது. அதன் பிறகு இஸ்திரிப்பெட்டி முதல் பென்சில் சீவி வரை எல்லாம் காற்றைக் கிழிக்கும் வடிவத்துக்கு மாறின. நகராத டைனரும் மாறியது. மாசசூசெட்ஸின் மெரிமாக்கில் ஜட்கின்ஸ் என்றொரு கம்பெனி இருந்தது. பணக்காரர்களின் கார்களுக்கு மேல்கூடு செய்தவர்கள். பொருளாதார வீழ்ச்சியில் அந்த வியாபாரம் படுத்ததும் 1936-இல் டைனர் பக்கம் திரும்பினார்கள். அவர்களின் 'ஸ்டெர்லிங் ஸ்ட்ரீம்லைனர்' ரயில் எஞ்சினின் மூக்கு மாதிரி உருண்டு சரிந்த முனை கொண்டது. கார் வளைத்துப் பழகிய கைகள் என்பது அந்த வளைவைப் பார்த்தாலே தெரியும். போர் வந்து 1942-இல் தயாரிப்பு நின்றுபோனது, அதனால் இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சிலவே. ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் இருக்கும் 'மாடர்ன் டைனர்' அதில் ஒன்று. 1978-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பிடித்த முதல் டைனர் அதுதான். பிறகு அதே ஊருக்குள் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு இடம் மாறியது. கட்டடத்தை இடிக்காமல் தூக்கிக்கொண்டு போக முடிகிற பாரம்பரியச் சின்னம் எத்தனை இருக்கும் சொல்லுங்கள்.

எல்லோர் மனதிலும் இருக்கும் வெள்ளி நிற டைனர், போருக்குப் பிந்தைய நியூ ஜெர்சிச் சரக்கு. ஓமஹோனி, ஃபொடேரோ, குல்மன், பாரமவுன்ட் போன்ற கம்பெனிகள் துருப்பிடிக்காத எஃகை வெளியேயும் உள்ளேயும் தாராளமாகப் போட்டார்கள். வெளியே நெளிநெளியாக வரியோடிய தகடு. உள்ளே அடுப்புக்குப் பின்சுவரில் சூரியக் கதிர் போல விரியும் கோடுகள் பதித்த தகடு. கவுன்ட்டர் ஃபார்மைக்கா என்ற பிளாஸ்டிக் தகடு, ஓரத்தில் கண்ணாடிக் கட்டிகள், கூரை விளிம்பில் நியான் விளக்கு. 10 அடி போதாமல் ஆனதும் பெட்டியை இரண்டு மூன்று துண்டுகளாகச் செய்து, இடத்துக்குப் போனபின் ஒட்டினார்கள். பின்னால் கான்கிரீட் கல்லில் தனிச் சமையலறை கட்டிக்கொண்டார்கள். வருமானத்துக்கு நல்லது. ஆனால் சமைப்பவர் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து மறைந்துவிட்டார். என் பார்வையில் டைனர் இழந்தவற்றில் பெரியது அதுதான்.

இத்தனைக்கும் இது ஏழைகள் முதலாளியாகும் தொழில். தயாரிப்பாளர்களே தவணை முறையில் பெட்டியைக் கொடுத்தார்கள். தவணை தவறினால் திரும்ப இழுத்துக்கொண்டு போய், பளபளப்பாக்கி, இன்னொருவருக்கு விற்பார்கள். பெரிதாக வேண்டும் என்றால் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை மாற்றிக்கொள்ளலாம், கார் மாதிரி. குடியேறிகள் பலர் இந்த வழியில் மேலே வந்தார்கள். நியூயார்க், நியூ ஜெர்சிப் பக்கம் கிரேக்கர்கள் கையில் இந்தத் தொழில் பெருமளவு சேர்ந்தது. நியூ ஜெர்சியின் எடிசன் ஊர்ப் பக்கம் இருக்கும் நம்மவர்கள் டைனருக்குப் போனால் பார்த்திருப்பீர்கள், புத்தகம் தடிமனில் ஒரு மெனு, அதில் பான்கேக்குக்குப் பக்கத்திலேயே கிரேக்கப் பதார்த்தங்களும் இருக்கும்.

யார் வேண்டுமானாலும் வந்து யார் பக்கத்திலும் உட்காரும் இடம் என்று டைனரைப் புகழ்ந்து நிறைய எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. முதல் ஐம்பது ஆண்டுகள் இது ஆண்களின் இடம். 1920-களில்தான் 'பெண்களும் வரலாம்' என்று பலகை வைத்து, ஜன்னலில் பூந்தொட்டி மாட்டி, ஸ்டூலில் ஏறி உட்காரத் தயங்குபவர்களுக்காக மேசைகள் போட்டார்கள். மேசை வந்ததற்கும், 'மிஸ்' என்று தொடங்கும் பெயர்கள் பெருகியதற்கும் இதுவே காரணம். கறுப்பின மக்களுக்கோ பல இடங்களில் கதவே திறக்கவில்லை. 1961-இல் ஆப்பிரிக்க நாடான சாட்டின் தூதர் மாலிக் சோவ், அதிபர் கென்னடியைச் சந்திக்க நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்குக் காரில் போகும் வழியில், மேரிலாந்தின் ரூட் 40 ஓரத்தில் ஒரு டைனரில் காபி கேட்டார். கொடுக்கவில்லை. இன்னும் சில ஆப்பிரிக்கத் தூதர்களுக்கும் அந்தச் சாலையில் அதே அனுபவம். வெள்ளை மாளிகை வரை போன விவகாரம் அது. அந்தச் சாலையின் உணவகங்களைத் திறக்கவைக்கப் போராட்டக்காரர்கள் திரண்டார்கள், 1964-இல் கூட்டாட்சிச் சட்டம் வந்த பிறகுதான் நாடு முழுக்க அந்தப் பாகுபாடு சட்டவிரோதமானது. பழைய டைனரின் படத்தைப் பார்த்து 'அந்தக் காலம்' என்று உருகுபவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரிவு வேகமாக வந்தது. 1956-இல் மாநிலங்களுக்கிடையிலான அதிவேக நெடுஞ்சாலைகளுக்குச் சட்டம் போட்டார்கள். போக்குவரத்து புதுச் சாலைக்குப் போக, பழைய சாலையில் நின்ற டைனர்கள் ஆளில்லாமல் போயின. கலிஃபோர்னியாவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948-இல் தொடங்கிய துரித உணவு முறை மறுபக்கம் அழுத்தியது. எஃகு மினுமினுப்பு பழசாகத் தெரிந்ததால், 1960-களில் அதே கம்பெனிகள் செங்கல், கல், ஓட்டுச் சரிவுக் கூரை என்று வீடு மாதிரி டைனர் செய்தார்கள். ஏற்கெனவே இருந்த எஃகு டைனர்களின் மேலும் பலர் செங்கல்லை ஒட்டி மூடிவிட்டார்கள். இன்று புதுப்பிப்பவர்கள் அந்தச் செங்கல்லைப் பெயர்த்தால் உள்ளே பழைய எஃகு அப்படியே கிடைப்பதுண்டு.

1970-களின் கடைசியிலிருந்து காற்று மறுபடி திரும்பியது. ரிச்சர்ட் கட்மன் போன்ற ஆய்வாளர்கள் பெட்டி பெட்டியாகத் தேடி ஆவணப்படுத்தினார்கள், அருங்காட்சியகங்கள் வாங்கத் தொடங்கின. பெட்டியாக வந்ததால் பெட்டியாகவே போகவும் முடிந்தது. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் நின்ற 'மூன்டான்ஸ் டைனர்' 1930-களில் வந்தது. அந்த இடத்தில் அடுக்குமாடி வரவிருந்ததால், 2007-இல் அதை லாரியில் ஏற்றி 2000 மைலுக்கும் மேல் தள்ளியிருக்கும் வயோமிங் மாநிலத்து லா பார்ஜ் என்ற சின்ன ஊருக்குக் கொண்டுபோனார்கள். முதல் குளிர்காலத்திலேயே பனியின் எடையில் கூரை சரிந்தது. சீர்செய்து 2009-இல் திறந்தார்கள், சில ஆண்டுகளில் மூடிவிட்டார்கள். காப்பாற்றுவது என்றால் தூக்கிக்கொண்டு போவது மட்டுமில்லை. பசித்த ஆட்கள் நடந்து வருகிற இடத்தில் வைக்கவும் வேண்டும்.

நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் கூரை. பீப்பாயைப் பாதியாகப் பிளந்தது மாதிரி வளைந்திருக்கிறதா, அல்லது நடுவில் பழைய ரயில் பெட்டி போல ஓர் அடுக்கு எழும்பியிருக்கிறதா? எழும்பிய கூரையும் உருண்ட முனைகளும் இருந்தால் 'சில்க் சிட்டி'யாக இருக்க வாய்ப்பு அதிகம். அது நியூ ஜெர்சியின் பட்டு நெசவு ஊரான பேட்டர்சனில் செய்தது. அவர்களின் எண் பலகையில் முதல் இரண்டு இலக்கங்கள் செய்த ஆண்டு, 48 என்று தொடங்கினால் 1948. தயாரிப்பாளரின் பலகை பெரும்பாலும் கதவுக்கு மேலே உள்பக்கம் இருக்கும், கேட்டால் கடைக்காரரே காட்டுவார். வெளியே கொம்பு வைத்த எழுத்து என்றால் வூஸ்டர்.

சக்கரத்தோடு இருந்த காலத்தைப் பார்க்க மிச்சிகனில் டியர்போர்ன் போங்கள். ஹென்றி ஃபோர்டு டெட்ராய்ட் மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்த நாள்களில் சாப்பிட்ட 'ஆந்தை' என்ற இரவு உணவு வண்டியைப் பிறகு அவரே வாங்கித் தன் அருங்காட்சியக வளாகத்தில் வைத்துவிட்டார். அதே அருங்காட்சியகத்தில் 'லேமிஸ்' என்ற 1946-ஆம் ஆண்டு வூஸ்டர் பெட்டியும் இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் மாசசூசெட்ஸின் நேட்டிக்கில் 'கேஸிஸ்', 1922-இல் செய்த வூஸ்டர், மொத்தமே பத்து ஸ்டூல்தான். கூட்டமாகப் போகாதீர்கள். எந்த டைனராக இருந்தாலும் மேசைக்குப் போகாமல் கவுன்ட்டரில் அடுப்புக்கு நேர் எதிரே உள்ள ஸ்டூலைக் கேளுங்கள், கடை எப்படி இயங்குகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும்.